உக்கிராணக்காரனின் கணக்கு: ஆவிக்குரிய வரங்கள் பற்றிச் சில குறிப்புகள்

ரொக்ஸ்பரோவில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஓர் அம்மா இருக்கிறார். வன்னியிலிருந்து வந்தவர். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் அவருடைய இளைய மகன் காணாமற்போனான். சில வருடங்களுக்கு முன்னர் இங்கு நடந்த ஜெபக்கூட்டமொன்றில், வெளியூரிலிருந்து வந்த ஊழியக்காரர் ஒருவர் அவருடைய தலையில் கைவைத்து, மகன் உயிரோடிருக்கிறான், வருகிற நத்தாருக்கு முன் அவன் குரலைக் கேட்பாய் என்று தீர்க்கதரிசனம் சொன்னார். அம்மா மகனுக்கென்று ஒரு கட்டில் வாங்கினார். குளிர்ச்சட்டையும் வாங்கினார். நத்தார் வந்தது, போனது. அடுத்ததும் போனது. ஒருவாறு ஊழியக்காரரைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டபோது அவர் சொன்ன பதில்: 'அம்மா, உங்கட விசுவாசம் காணாது.'

சென்ற மாரியில் ஒருநாள், இரவு வேலை முடிந்து விடியப்புறம் வந்த என்னை அவர் படியில் மறித்தார். 'சேர், நீங்கள் படிப்பிச்சனீங்கள். பைபிளில அப்பிடித்தான் கிடக்கோ? என்ர விசுவாசம் காணாததாலதானோ பிள்ளை வரேல்லை?'

அக்கேள்விக்கு நான் தேடிய பதில்தான் இக்கட்டுரை. நான் இறையியல் கற்றவனல்லன். ஊரில் தமிழ் விரிவுரையாளனாக இருந்தவன், இப்போது உணவுப் பொதி செய்யும் தொழிற்சாலையொன்றில் இயந்திரத்தோடு நிற்பவன். பிறப்பால் கத்தோலிக்கன், பூசைக்கு ஒழுங்காகப் போகாதவன். ஆனால் சொற்களோடு பழகியவன் என்ற முறையில், பழைய நூலொன்றில் என்ன எழுதியிருக்கிறது, என்ன எழுதியில்லை என்பதைப் பார்க்க எனக்குத் தெரியும்.

இச்சஞ்சிகையின் வாசகர்கள் பலருக்கு இது வேண்டாத விடயமாகப் படலாம். 'மூடநம்பிக்கை' என்ற ஒரு சொல்லோடு கடந்துபோவது எளிது. ஆனால் எமது இலக்கியச் சந்திப்பொன்றுக்கு முப்பது பேர் வந்தால் நாங்கள் மகிழ்ந்து போகிறோம். அதே சனிக்கிழமை மாலை, அதே வீதியில், வாடகை மண்டபமொன்றில் நூறு தமிழர் கைதட்டிப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிற் பலர் சைவக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். மொன்றியல், ரொறன்ரோ, பாரிஸ், இலண்டன் என்று எல்லாப் புகலிட நகரங்களிலும் இதைக் காணலாம். அங்கு என்ன பேசப்படுகிறது என்று தெரியாமல் எமது சமூகத்தைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருப்பது எவ்வளவு தூரம் சரி?

முதலில் சொல். 'வரம்' என்பது எமக்குப் புராணங்களினூடாக வந்து சேர்ந்த சொல். சூரபத்மன் தவமிருந்தான், வரம் பெற்றான். இராவணனும் அப்படியே. பஸ்மாசுரன் தன் வரத்தைக் கொடுத்தவர் தலையிலேயே சோதிக்கப் போனான். வரம் என்பது கடுந்தவத்தால் ஈட்டப்படுவது, ஈட்டியவனுக்கே சொந்தமானது, அவன் பெருமைக்கு அத்தாட்சியானது என்ற பொருள் தமிழ்க் காதில் தானாகவே ஒட்டிக்கொள்கிறது. பவுல் (எங்கள் பழைய பூசைப்புத்தகங்களிற் சின்னப்பர்) எழுதிய கிரேக்கச் சொல் 'காரிஸ்மா'. அது 'காரிஸ்', அதாவது கிருபை, என்பதிலிருந்து பிறந்தது. கேளாமல், உழைக்காமல், தகுதி பாராமல் வந்த கொடை என்பது அதன் பொருள். ஈட்டிய பொருளுக்கும் இனாமாக வந்த பொருளுக்கும் இடையே உள்ள வித்தியாசம் சிறியதல்ல. மொழிபெயர்ப்பாளர்கள் வேறு வழியின்றி 'வரம்' என்றார்கள், சில இடங்களில் 'ஈவு' என்றும் எழுதினார்கள். 'ஈவு' நிலைத்திருந்தால் எமது மண்டபங்களின் கதை சிறிது வேறாக இருந்திருக்குமோ என்று நான் எண்ணுவதுண்டு.

கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தில் ஒன்பது வரங்கள் சொல்லப்படுகின்றன. ஞானம், அறிவு, விசுவாசம், குணமாக்கல், அற்புதம், தீர்க்கதரிசனம், ஆவிகளைப் பகுத்தறிதல், அந்நிய பாஷை, அதற்கு வியாக்கியானம். இந்த ஒன்பதை மட்டும் மனனஞ் செய்து வைத்திருப்பவர்கள், அதே அதிகாரத்தின் இறுதியில் இன்னொரு பட்டியல் இருப்பதையும், உரோமருக்கு எழுதிய நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தில் வேறொன்று இருப்பதையும் கவனிப்பதில்லை. அங்கே போதித்தல் வருகிறது, தேற்றுதல் வருகிறது, பகிர்ந்து கொடுத்தல், இரக்கஞ் செய்தல் எல்லாம் வருகின்றன. கொரிந்தியரின் இரண்டாம் பட்டியலில் 'அந்திலெம்ப்சிஸ்' என்றொரு சொல் உண்டு. கைகொடுத்துத் தாங்குதல் என்பது பொருள். பழைய தமிழ் வேதாகமத்தில் இது 'ஊழியங்கள்' ஆகிவிட்டது, கை காணாமற்போய்விட்டது. அதற்கடுத்த சொல் 'குபெர்னேசிஸ்'. அது கப்பலோட்டியின் சொல், சுக்கான் பிடித்தல். தமிழில் 'ஆளுகைகள்'. கடற்கரை ஊரிற் பிறந்த எனக்கு இந்த மாற்றம் உறுத்துகிறது. சுக்கான் பிடிப்பவன் அணியத்தில் நின்று ஆட்டம் போடுபவனல்லன். கடையாரில் இருந்து காற்றையும் நீரையும் பார்த்துக்கொண்டிருப்பவன்.

ஆகவே, பவுலின் கணக்கில் அந்நிய பாஷை பேசுபவருக்கு இருப்பது வரமென்றால், அந்த மண்டபத்தில் நூறு பேருக்குச் சோறு சமைப்பவருக்கு இருப்பதும் வரமே. 2017 வெள்ளத்தில் இங்கே ஆறு பெருகியபோது மணல்மூட்டை சுமந்தவர்களிடம் இருந்ததும் அதுதான். கீழ்த்தளத்து அம்மாவை மாதந்தோறும் வைத்தியசாலைக்குக் காரில் ஏற்றிச்சென்று, பிரெஞ்சில் மொழிபெயர்த்து, திருப்பிக் கொண்டுவந்து விடுகின்ற ஒரு பெண்பிள்ளை அந்தச் சபையில் இருக்கிறாள். அவளை மேடைக்கு அழைத்து இவளுக்கு வரம் இருக்கிறது என்று எவரும் சொன்னதில்லை.

இந்நிருபம் எழுதப்பட்ட ஊரைப் பற்றியும் சொல்லவேண்டும். பழைய கொரிந்துவை உரோமர் கி.மு. 146இல் அழித்தார்கள். நூறு வருடங்களின் பின்னர், கி.மு. 44இல், யூலியஸ் சீசர் அதை மீளக் குடியேற்றினார். குடியேறியவர்களிற் பெருந்தொகையினர் விடுதலை பெற்ற அடிமைகள். பரம்பரைப் பெருமை அற்றவர்கள், புதிதாக ஓர் அந்தஸ்தைத் தேடியவர்கள். சுமார் கி.பி. 55இல் பவுல் எழுதும்போது, அத்துறைமுக நகரத்தின் சிறிய சபையில் அந்த அந்தஸ்துப் போட்டி உள்ளே புகுந்துவிட்டிருந்தது. இருப்பவன் முன்கூட்டியே சாப்பிட்டு முடித்துவிட, இல்லாதவன் பசியோடு பார்த்திருந்தான். அந்நிய பாஷை பேசியவன் பேசாதவனைக் கீழாக நோக்கினான். வேரறுந்து வந்தவர்களின் ஊரில் வரமே புதிய பட்டமாகிவிட்டது.

இதை வாசிக்கும்போது எனக்கு எம்மவர்களின் முகங்கள் தெரிகின்றன. ஊரில் அதிபராக இருந்தவர் இங்கே உணவகத்திற் கோப்பை கழுவுகிறார். கிழமை முழுவதும் அவருடைய பெயரைக்கூட எவரும் சரியாக உச்சரிப்பதில்லை. ஞாயிறன்று மண்டபத்தில் அவர் வாய் திறந்தால் சனம் 'ஆமென்' என்கிறது. அந்தப் பசியை நான் ஏளனம் செய்யமாட்டேன். என்னிடமும் அது இருக்கிறது. இல்லாவிட்டால் இரவு வேலை செய்துவிட்டு வந்து இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருப்பேனா?

வரங்கள் மேல்கீழை உடைத்த சந்தர்ப்பங்களும் எமது வரலாற்றில் உண்டு. பெந்தெகொஸ்தே இயக்கம் 1906இல் லொஸ் ஏஞ்சல்சின் அசூசா வீதியில் தொடங்கியது என்று எழுதுவார்கள். அதற்கு நாற்பத்தாறு வருடங்களுக்கு முன்னரே, 1860இல், திருநெல்வேலிப் பகுதியில் ஜோன் கிறிஸ்தியான் அருளப்பன் (1810-1867) தலைமையில் ஓர் எழுப்புதல் நடந்தது. அந்நிய பாஷையும் தரிசனமும் தீர்க்கதரிசனமும் அதில் இருந்தன. பெண்களும் பேசினார்கள். வெள்ளைக்கார மிசனரிகளின் சம்பளத்தை மறுத்து, தன் காலில் நின்று ஊழியம் செய்தவர் அருளப்பன். மேலிடத்து அனுமதியின்றிச் சாதாரண சனம் வாய்திறந்த தருணம் அது.

அந்த அலை 1873 அளவில் திருவிதாங்கூருக்குப் போனது. அங்கே பிராமணராகப் பிறந்து கிறிஸ்தவரான, 'வித்துவான் குட்டி' எனப்பட்ட யுஸ்தூஸ் யோசேப்பு அதன் முன்னணிக்கு வந்தார். அவர் பாடல்களை மலையாளக் கிறிஸ்தவர்கள் இன்றும் பாடுகிறார்கள். கெட்டித்தனத்தில் குறைவில்லை. 1875இல், இன்னும் ஆறு வருடங்களில் கிறிஸ்து திரும்பி வருவார் என்று அந்தக் குழு அறிவித்தது. 1881 வந்தது. கிறிஸ்து வரவில்லை. அதன்பின்னும் ஒரு கூட்டம் புதிய விளக்கங்களோடு 'யுயோமய சபை' என்ற பெயரில் தொடர்ந்தது. பொய்த்துப்போன வாக்கின் கணக்கை யார் தீர்ப்பது என்ற கேள்வி நூற்றாண்டுப் பழமையுடையது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

மூலநூல் இக்கேள்வியை விட்டுவைக்கவில்லை. மோசேயின் ஐந்தாம் ஆகமமாகிய உபாகமத்தின் 18ஆம் அதிகாரம் வெளிப்படையானது. கர்த்தரின் பெயரால் சொல்லப்பட்டது நடக்காவிடின், சொன்னவன் தன் துணிகரத்திற் சொன்னான், அவனுக்கு நீ அஞ்சவேண்டியதில்லை என்பது அதன் சாரம். அப்படிச் சொன்னவனுக்கு அங்கே மரணதண்டனை. நான் அவ்வளவு தூரம் போகச் சொல்லவில்லை. கேட்டவனின் விசுவாசம் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை என்பதே கவனிக்கவேண்டியது.

பவுலின் ஒழுங்கும் இறுக்கமானது. கொரிந்தியரின் 14ஆம் அதிகாரத்தின்படி ஒரு கூட்டத்தில் இரண்டு பேர் அல்லது மூன்று பேர் தீர்க்கதரிசனம் சொல்லலாம். மற்றவர்கள் அதை நிதானித்துப் பார்க்கவேண்டும். வியாக்கியானி இல்லாவிட்டால் பாஷைக்காரர் வாய்மூடி இருக்கவேண்டும். 'ஆவி என்னைப் பேசவைத்தது, நான் என்ன செய்ய?' என்ற சாட்டும் எடுபடாது, பேசுபவனின் ஆவி அவனுக்கு அடங்கியிருக்கிறது என்கிறார். தீர்க்கதரிசனத்தின் பயன்களாக அவர் சொல்பவை மூன்று: கட்டியெழுப்புதல், உற்சாகப்படுத்துதல், ஆறுதல். எதிர்காலத் திகதி சொல்வது அந்த மூன்றில் இல்லை. வரங்களைப் பேசும் 12ஆம் அதிகாரத்துக்கும் 14ஆம் அதிகாரத்துக்கும் நடுவில்தான், நாங்கள் கலியாண வீடுகளில் வாசிக்கிற அந்த அன்பின் அதிகாரம் இருக்கிறது. மணமக்களுக்காக எழுதப்பட்டதல்ல அது. வரம் உள்ளவர்களை அளப்பதற்கான படியாகவே பவுல் அதை அங்கே வைத்தார்.

அவருக்குப் பின்வந்த தலைமுறைகளுக்கும் இத்தொல்லை இருந்தது. 'டிடாக்கே' என்ற மிகப் பழைய கைந்நூல் 1873இல் கொன்ஸ்தாந்திநோபிளில் கண்டெடுக்கப்பட்டு 1883இல் அச்சேறியது. ஊரூராய்த் திரியும் தீர்க்கதரிசிகளை எப்படி இனங்காண்பது என்று அது சொல்லித்தருகிறது. மூன்றாம் நாளும் தங்கினால் பொய்யன். காசு கேட்டால் பொய்யன். ஆவியில் நின்று விருந்து வைக்கச் சொல்லிவிட்டு, அதில் தானே உட்கார்ந்து உண்டாலும் பொய்யன். ஆவியில் பேசும்போது அவனைச் சோதிக்கவேண்டாம், அவனுடைய நடத்தையைப் பார் என்பதும் அதிலேயே உண்டு. எழுதியவர் யாரென்று தெரியாது, ஆனால் அனுபவப்பட்ட மனிதர்!

'பொறுப்பு' என்பதற்கு வேதாகமத்தில் எனக்குப் பிடித்த சொல் பேதுருவின் முதலாம் நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஈவைப் பெற்றவர்கள் நல்ல 'உக்கிராணக்காரராக' இருந்து அதைப் பகிரவேண்டுமாம். உக்கிராணம் என்றால் களஞ்சிய அறை. கோயில் திருவிழாக்களில் அரிசி, தேங்காய், எண்ணெய் பொறுப்பாக இருப்பவருடைய இடம். உள்ளே இருப்பது எதுவும் அவருடையதல்ல. அளந்து கொடுப்பதும் கணக்கு வைப்பதுமே அவருடைய வேலை. லூக்காவின் 16ஆம் அதிகாரத்து உக்கிராணக்காரன் எசமானிடம் கணக்கு ஒப்புவிக்க அழைக்கப்படுகிறான்.

எங்கள் தொழிற்சாலையிலும் ஒரு ஸ்ரோர்ஸ் அறை உண்டு. அதற்குப் பொறுப்பானவர் ஹெயிட்டி நாட்டவர். பெட்டி வெட்டும் அலகு ஒன்று வேண்டுமானால் அவருடைய கொப்பியில் ஒப்பமிடவேண்டும். அலகு வேலையில் உடைந்துபோனால் எல்லாத் துண்டுகளையும் கொண்டுவந்து அவருடைய மேசையிற் பொருத்திக் காட்டவேண்டும். ஒரு நகக்கண் அளவு துண்டு குறைந்தாலும் இயந்திரம் நிறுத்தப்படும். அது யாரோ ஒரு பிள்ளையின் உணவுக்குள் போயிருக்கலாம். அலகை உடைத்தவர்தான் தேடவேண்டும். உணவை உண்ணப்போகிறவரிடம் 'உமது பல்லுக்குப் பலம் காணாது' என்று எவரும் சொல்வதில்லை.

இனி, விசுவாசம் காணாது என்ற குற்றச்சாட்டு. இதற்கு ஆதாரமாக நாசரேத்து ஊரைக் காட்டுவார்கள். அங்கே சனத்தின் அவிசுவாசத்தினால் இயேசு அதிக அற்புதங்களைச் செய்யவில்லை என்று மாற்கு எழுதுகிறார். உண்மை. ஆனால் அது 'இவன் தச்சன்தானே' என்று ஊரே இகழ்ந்த இகழ்ச்சி. அங்கேயும் நோயாளிகள் சிலர் குணமானார்கள். மறுபுறம், அதே மாற்குவின் 9ஆம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் தன் அவிசுவாசத்தை வாய்விட்டே ஒப்புக்கொள்கிறான், அவனுடைய மகன் குணமாகிறான். அச்சம்பவத்தை மத்தேயு 17ஆம் அதிகாரத்திற் சொல்லும்போது இன்னொரு விவரமும் வருகிறது. அந்தப் பிள்ளையை முதலில் சீடர்களிடம் கொண்டுபோனார்கள், அவர்களால் முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று அவர்கள் தனியே வந்து கேட்டபோது, இயேசு குறை சொன்னது அவர்களுடைய அற்ப விசுவாசத்தையே. தகப்பனை அல்ல. பிள்ளையையும் அல்ல. குணமாக்க வந்தவனின் கணக்கிலேயே குறை எழுதப்பட்டது. பவுலும்கூடத் தன் உடலில் இருந்த 'முள்' நீங்கும்படி மூன்று முறை வேண்டியும் அது நீங்கவில்லை. தன் தோழன் துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாகவே விட்டுவந்ததாகத் தீமோத்தேயு நிருபம் சொல்கிறது. இவர்களுக்கு விசுவாசம் காணாமற் போயிற்று என்று எந்த மேடையிலாவது யாராவது சொல்வார்களா?

மொன்றியலில் இருந்துகொண்டு வரத்தைப் பற்றி எழுதுகிறவன் மலையிலுள்ள சூசையப்பர் கோயிலைப் பற்றி எழுதாமல் விடமுடியாது. எம்மவர்கள், சைவர் உட்பட, ரொறன்ரோவிலிருந்தும் வந்து படியேறும் இடம். அதைத் தொடக்கிய அருட்சகோதரர் அந்திரே, இயற்பெயர் அல்பிரெட் பெசெத், 1845இல் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் தாய்தகப்பன் இருவரையும் இழந்தவர். வேலை தேடி எல்லை கடந்து அமெரிக்காவுக்குப் போய் நெசவாலைகளில் உழைத்தவர். எழுத்தறிவு குறைவு, உடம்பும் நோய் உடம்பு. 1870இல் திருச்சிலுவைச் சபையிற் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்தது நோத்ரு-டாம் கல்லூரியின் வாயிற்காவலர் வேலை. சுமார் நாற்பது வருடங்கள் அந்த வாசலில் இருந்தார்.

வாசலுக்கு நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். அவர் சூசையப்பர் சுரூபத்தின் முன் எரிந்த விளக்கெண்ணெயைப் பூசச் சொல்வார், தேவதூதரிடம் செபிக்கச் சொல்வதுபோல் சூசையப்பரிடம் போகச் சொல்வார். குணமானவர்கள் அவருக்கு நன்றி சொன்னால் கோபம் வந்துவிடுமாம். குணமாக்கியவர் நானல்ல, சூசையப்பர் என்பதே அவருடைய பதில். ஏமாற்றுக்காரன் என்று சொன்னவர்கள் சபைக்குள்ளேயே இருந்தார்கள். பிள்ளைகள் படிக்கும் இடத்தில் நோயாளிகள் கூடுவதைப் பெற்றோர் எதிர்க்க, மேலாளர்கள் அவரை வீதிக்கு அப்பாலுள்ள டிராம் தரிப்பிடத்திற்கு அனுப்பினார்கள். அவர் போனார். 'எனக்கு வரம் இருக்கிறது, என்னைக் கட்டுப்படுத்த நீங்கள் யார்?' என்று கேட்கவில்லை. 1904இல் மலைச்சரிவில் ஒரு சிறிய மரக் கோயில் எழுந்தது. 1937 சனவரியில் அவர் இறந்தபோது, கடுங்குளிரில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் அவருடைய உடலைக் கடந்து சென்றார்கள். 2010இல் புனிதர் பட்டம் கிடைத்தது. (1973இல் அவருடைய இதயத்தைத் திருடிக்கொண்டு போய்க் காசு கேட்டவர்களும் இந்த நகரத்தில் உண்டு, அடுத்த வருடம் அது மீட்கப்பட்டது.)

அந்தக் கோயிலிற் குவிந்திருக்கும் ஊன்றுகோல்களை நான் பலதடவை பார்த்திருக்கிறேன். அவற்றின் உரிமையாளர்கள் எல்லோரும் உண்மையில் நடந்தார்களா என்று எனக்குச் சொல்லமுடியாது. என் அக்கறை வேறு. தன்னிடம் வந்தவர்களின் துயரத்தின்மேல் ஏறி நின்று அந்த மனிதர் உயரவில்லை. கடைசிவரை வாயிற்காவலனாகவே இருந்தார்.

சபையின் பொறுப்பைப் பற்றியும் ஒரு சொல். தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, ஆவியை அணைத்துவிடாதீர்கள் என்றும் எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள் என்றும் பவுல் ஒரே மூச்சிற் சொல்கிறார். எமது பழைய கோயில்கள் முதலாவதை மறந்தன, புதிய மண்டபங்கள் இரண்டாவதை மறந்தன. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், வரங்கள் ஆதிச்சபையோடு பெரும்பாலும் முடிந்தவை என்று ஒரு கர்தினால் வாதிட, பெல்ஜியத்துக் கர்தினால் சூனன்ஸ் அவை இன்றும் சாதாரண விசுவாசிகள் எல்லோரிடமும் உள்ளன என்று மறுத்தார். சூனன்சின் பக்கமே வென்றது. ஆனால் 1964இல் வெளிவந்த ஏடு, அவற்றைச் சோதிக்கும் கடமையையும் சேர்த்தே எழுதியது.

இந்தச் சோதிக்கும் வேலைக்கு, அறிவும் போதித்தலும் வரமாகக் கிடைத்தவர்கள் வேண்டும். அவர்கள் எங்கே? பெரும்பாலும் மண்டபத்துக்கு வெளியே நின்று சிரிக்கிறார்கள். நான் உட்பட. அந்த ஊழியக்காரர் கைவைத்துப் பேசியபோது நூறு பேர் இருந்திருக்கிறார்கள், ஒருவரும் எழுந்து 'திகதியை எப்படிச் சொல்கிறீர்கள்?' என்று கேட்கவில்லை. கேட்கத் தெரிந்தவர்கள் அங்கே இல்லை. நான் இரண்டு தளங்களுக்கு மேலே படுத்திருந்தேன். காணாமற்போனோரின் உறவுகள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 பெப்ரவரியிலிருந்து வீதியில் அமர்ந்து அரசிடம் கேட்ட அதே கேள்வியைத்தான் இந்த அம்மாவும் கேட்கிறார். பிள்ளை எங்கே? பதில் தெரியாதவர்கள் தெரியாது என்று சொல்லியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவர் எத்தனையைத் தாங்கியவர்.

ஒரு ஞாயிறு பிற்பகல் கீழே போய் இவற்றையெல்லாம் அவருக்குச் சொன்னேன். உபாகமத்தையும் மத்தேயுவையும் அவருடைய வேதாகமத்திலேயே எடுத்துக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

'அப்ப என்னில பிழையில்லை.'

'இல்லையம்மா.'

சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, 'அவரிட்ட ஆர் கணக்குக் கேக்கிறது, சேர்?' என்றார். அந்தச் சபையின் மூப்பர்களுக்கு ஒரு கடிதம் எழுதலாம், நான் எழுதித் தருகிறேன், நீங்கள் ஒப்பம் வையுங்கள் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். அடுத்த ஞாயிறும் காலை ஒன்பதரைக்கு அந்தப் பெண்பிள்ளையின் கார் வந்தது, அம்மா ஏறிப் போனார். கட்டில் இன்னமும் அந்த அறையிற்தான் இருக்கிறது. மெத்தையின் பொலித்தீன் உறை கழற்றப்படவில்லை.